தேதி கேட்ட கம்ப்யூட்டர்

உட்காருங்கள், தாராளமாக உட்காருங்கள். பையை மேலே வைக்கட்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்பீர்கள், தெரியும். ஆனால் இது என் மடியிலேயே இருக்கட்டும். இரண்டு கிலோதான் இருக்கும். கை பழகிவிட்டது.

நீங்கள் பொள்ளாச்சியா? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். ஓலப்பாளையம் பிரிவு. சாதாரணமாக இருபது நிமிடம்தான். ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆமாம், கடைசி சீட் தூக்கித்தான் போடும். உடுமலையில் ஏறியபோது முன்னால் நாலைந்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஏதோ நினைப்பில் நேராக இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பையில் இருப்பது ஹார்ட் டிஸ்க். பழசு. இப்போது வருகிற மாதிரி உள்ளங்கை அளவு இல்லை. ஒரு செங்கல் அளவு. என் பெயர் தண்டபாணி. முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் தொழில். உடுமலையில் தளி ரோட்டில் கடை. இந்தத் தொழிலில் என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், அவசரப்பட்டு எதையும் செய்யமாட்டான் என்றுதான் சொல்வார்கள். அதைத்தான் இந்தப் பத்து நாளாக நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரத்துக்கு முந்தைய வாரம் ஒரு போன் வந்தது. நிரஞ்சனா என்று ஒரு பெண். நான் முதல்முதலில் வேலை பார்த்த மில்லின் முதலாளிக்குப் பேத்தி. பழனி ரோட்டில் அந்த மில் மூடிப் பதினைந்து வருடம் இருக்கும். இப்போது அதைக் கல்யாண மண்டபமும் தங்கும் விடுதியுமாக மாற்றுகிறார்கள்.

"அங்கிள், பழைய டைம் ஆபீஸ் மாடியில ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. டேக்ல உங்க பேர் எழுதியிருக்குது. அது ஓடுமான்னு பார்த்துச் சொல்லணும்" என்றாள்.

"ஓடி என்னம்மா பண்ணப்போறீங்க?"

"வரவேற்பு ஹால்ல வைக்கப்போறோம் அங்கிள். பச்சை எழுத்து ஓடணும். அதுல என்ன இருந்ததோ அதுவே ஓடட்டும். வர்றவங்க நின்னு பார்ப்பாங்க."

என்ன இருந்ததோ அதுவே ஓடட்டும். வருகிறேன் என்றேன். ஏன் வருகிறேன் என்றேன்? முடியாது, வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நான் போகாவிட்டால் வேறு ஒருவன் போவான். அதனால்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, நம் கையில் பழகிய மெஷின், நாமே பார்ப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மில் கேட்டில் ராயப்பன் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து வாட்ச்மேன். மில் போய்விட்டது, மெஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது, அவர் மட்டும் அதே ஸ்டூலில் இருக்கிறார். எழுபத்தைந்து வயது இருக்கும்.

"வாங்க கம்ப்யூட்டர் தம்பி" என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறார், நான் தலை நரைத்து நிற்கிறேன், அவருக்கு நான் இன்னும் தம்பிதான். "நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க. அதைத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வந்தாங்க. அந்தப் புள்ளதான் தொடக்கூடாது, ஆளு வரணும்னு சொல்லிப்போட்டுது."

"யாரும் அசைக்கலையே?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான். பழக்கம்.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்குக்குள்ளே ஒரு தட்டு சுற்றும். அந்தத் தட்டின் மேல், தொடாமல், ஒரு மயிரிழை உயரத்தில் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து எழுதும், படிக்கும். நிறுத்துவதற்கு முன்னால் 'பார்க்' என்று ஒரு கட்டளை அடிக்க வேண்டும். அடித்தால் அந்த முனை ஒன்றும் எழுதாத ஓரத்துக்குப் போய் நின்றுகொள்ளும். அடிக்காமல் நிறுத்தினால் எங்கே இருக்கிறதோ அங்கேயே, எழுத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும். அப்புறம் அதைத் தூக்கினால், ஆட்டினால், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கீறல். அந்தக் கீறலில் எது இருந்ததோ அது போயிற்று. மில்லுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒருமுறை மேஜையோடு சேர்த்து நகர்த்தப் போனார்கள். நான் கத்திய கத்தலில் மானேஜரே எழுந்து வந்துவிட்டார். 'இவனுக்குப் பொண்டாட்டி வந்தாலும் பார்க் பண்ணிட்டுத்தான் வெளிய கூட்டிட்டுப் போவான்' என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அப்படி ஒரு ஆள் நான்.

ராயப்பன் சாவியோடு மாடி ஏறினார். கதவைத் திறந்ததும் குளவி. மின்விசிறி மேல் ஒரு கூடு, ஜன்னலில் ஒரு கூடு. மேஜை அதே மேஜை. கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கறுத்திருந்தன. கடைசியாக எந்த வருடத்து ஆயுத பூஜைக்கு யார் வைத்ததோ. பக்கத்தில் டேக், என் கையெழுத்து. 'ஆஃப் செய்யும் முன் பார்க் செய்யவும். தண்டபாணி.'

முதலில் கைவைக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். எந்தப் பழைய மெஷினானாலும் அதுதான் என் முறை. கரன்ட்டைக் கொடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கிறவன் மெக்கானிக் இல்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே பல்லி முட்டை ஓடு, கரப்பான் எச்சம், மண்ணால் பூசிய ஒரு குளவிக்கூடு. சரியாக பவர் சப்ளை விசிறியில் கட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். போர்டைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு பச்சைக் களிம்பு இல்லை. பழைய மெஷின்கள் சாவது பெரும்பாலும் பேட்டரியால்தான். தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். வருடக்கணக்கில் விட்டால் அது ஒழுகிப் போர்டையே தின்றுவிடும். இந்த மாடலுக்கு அந்த பேட்டரியே கிடையாது. அதனால் இதற்குத் தேதி தெரியாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் 'இன்று என்ன தேதி' என்று கேட்கும். நாம் அடிக்க வேண்டும். மற்ற ஊர்களில் ஆபரேட்டர்கள் சோம்பேறித்தனமாக என்ட்டரைத் தட்டிவிட்டுப் போவார்கள். தட்டினால் அதுவாக 1980 ஜனவரி ஒன்று என்று வைத்துக்கொள்ளும். நான் ஒருநாள்கூட அப்படிச் செய்தவனில்லை. தினமும் காலையில் தேதி, நேரம், இரண்டும் அடிப்பேன்.

ஒருநாள் தவிர.

ராயப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்காமல் பேச்சைத் தொடங்கினார்.

"புதுசா கல்லு ஒண்ணு வெக்கறாங்களாமுங்க. வாசல்ல. அன்னைக்குப் போனவங்க பேரு போட்டு."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விசயம்தானுங்க. ரெண்டு பேருதான் போடறாங்க. பழனாத்தா, சின்னப்பொண்ணு. மாரப்பன் பேரு வேண்டான்னுட்டாங்களாம். அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் வந்து சொன்னாங்களாம், கொன்னவன் பேரும் செத்தவங்க பேரும் ஒரே கல்லுலயான்னு."

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் ஐந்தில் நின்றது. சரியான வோல்ட்டேஜ். முப்பத்து மூன்று வருடம் கழித்தும்.

உங்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்காது. 1992, செப்டம்பர் பதினேழு. மதியம் மூன்று இருபதுக்கு எங்கள் மில்லின் பாய்லர் வெடித்தது. துணிக்குச் சாயம் போடுகிற பகுதிக்கு நீராவி கொடுக்கிற பாய்லர். அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மாரப்பன். அவர் அங்கேயே போய்விட்டார். பக்கத்துக் கொட்டகையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும். பாய்லரில் தண்ணீர் இறங்கியதை மாரப்பன் கவனிக்கவில்லை, தூங்கிவிட்டார் என்று விசாரணையில் முடிவானது. அவருக்கு மனைவியும் ஒரு பெண் குழந்தையும். கலாமணி. அப்போது எட்டு வயது.

ராயப்பன்தான் சொன்னார். அந்தப் பெண் ஓலப்பாளையம் பிரிவில் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்க்கிறாளாம். பள்ளிக்கூடத்தை ஒட்டி நீலக் கேட் போட்ட வீடு. ஊரில் இன்னும் தூங்குனவன் மகள் என்றுதான் பேர். அவள் பகலில் கண் அசர மாட்டாளாம். காய்ச்சல் வந்தால்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இருப்பாளாம். வருடம் ஒருமுறை அந்தத் தேதியில் மில் கேட்டுக்கு வந்து நிற்பாளாம்.

"வந்து என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் செய்யாதுங்க. எங்கப்பா தூங்குனத நீங்க கண்ணுல பாத்தீங்களான்னு கேக்கும். நான் பாக்கலையே சாமின்னுவேன். சரீங்கன்னு போயிரும். அடுத்த வருசம் வரும். அதையே கேக்கும்."

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அன்னைக்கு நீங்க மேலதான இருந்தீங்க தம்பி? நீங்களாச்சும் பாத்தீங்களா?" என்றார்.

"மேல இருந்து பாய்லர் தெரியாதுங்க" என்றேன். உண்மைதான். அந்த ஜன்னலில் நின்றால் புகைபோக்கி மட்டும்தான் தெரியும்.

எங்கள் மில்லில் ஒரு முறை இருந்தது. பாய்லர்காரர் மணிக்கு ஒருதரம் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டு மணிக்கு அதுவரை எழுதிய சீட்டு என்னிடம் வரும். நான் கம்ப்யூட்டரில் அடித்து வைப்பேன். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். தமிழில் அடிக்க அப்போது வசதி கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழை அப்படியே அடிப்பேன். மாரப்பன் குறிப்பு எழுதுகிற ஆள். மற்றவர்கள் வெறுமனே கோடு போட்டுவிடுவார்கள். இவர் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு எழுதியிருந்தார்: பம்ப் தண்ணி எடுக்கல. பன்னிரண்டுக்கு: ஃபோர்மேனிடம் சொன்னேன். ஒரு மணிக்கு: பாய்லரை நிறுத்தச் சொன்னேன், ஆர்டர் முடியட்டும் ஓட்டு என்கிறார்கள்.

நான் அதை ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். அடித்து முடித்தபோது ஒன்று பன்னிரண்டு. கம்ப்யூட்டர் அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ளும். அப்புறம் சாப்பிடப் போனேன். அன்று எலுமிச்சை சாதம்.

என்ன?

இல்லை, நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ஃபோர்மேனிடம் அவரே சொல்லிவிட்டாரே. எழுதியே இருக்கிறாரே. நான் இருபத்து மூன்று வயதுப் பையன், டேட்டா அடிப்பவன். என் வேலை அடிப்பது. ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு வரும், ஒவ்வொன்றையும் அர்த்தத்தோடு படித்துக்கொண்டிருந்தால் வேலை ஆகுமா? நீங்கள் கேட்டது தப்பில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன்.

மானேஜர் வரதராஜன் மறுநாள் காலையில் மாடிக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் ஒரு நாளும் அந்தப் படி ஏறியதில்லை, கூப்பிட்டு அனுப்புவார். மேஜையில் இருந்த சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, நேத்துச் சீட்டுல கொஞ்சம் தப்பா இருக்குது. இதை வெச்சு அடிச்சுக் குடு" என்று வேறு ஒரு தாளைக் கொடுத்தார். தண்ணீர் மட்டம் எல்லா மணிக்கும் சரி, பம்ப் சரி, குறிப்பு காலி. கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் ஒன்றுமே எழுதாமல், ஆள் தூங்கிய மாதிரி.

"சார், ஏற்கனவே அடிச்சுட்டேன்" என்றேன்.

"அதனாலென்ன. அழிச்சுட்டு அடி."

நான் மெஷினைப் போட்டேன். தேதி கேட்டது. பின்னால் அவர் நின்றுகொண்டிருக்கிறார், அவருடைய மூச்சு கேட்கிறது. நான் என்ட்டரைத் தட்டினேன். நேரம் கேட்டது. என்ட்டரைத் தட்டினேன். அடித்தேன். அச்செடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்கு வந்த அதிகாரி, 'இது நீ அடித்ததா, சீட்டில் இருந்தபடி அடித்தாயா' என்று கேட்டார். 'சீட்டில் இருந்ததைத்தான் அடித்தேன் சார்' என்றேன். எந்தச் சீட்டு என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வருடம் மில் என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி ஹார்டுவேர் படிக்க வைத்தது. மானேஜர் என்னை எப்போதும் நல்ல பையன் என்றுதான் சொல்வார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. எந்த ஃபைலைத் திருத்தினாலும் திருத்துவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்யும். அன்றும் செய்தது. நகலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், எட்டு எழுத்துக்கு மேல் அந்த மெஷின் எடுக்காது. மாரப்பன் என்பது ஆங்கிலத்தில் சரியாக எட்டு எழுத்து. என் பின்னால் நின்றவருக்கு அந்தத் திரையில் என்ன நடக்கிறது என்று புரியாது. அதை வீரம் என்று நினைத்து ரொம்ப நாள் ஓட்டினேன். இப்போது நினைத்துப் பார்த்தால், பயம் என்றும் சொல்லலாம், பழக்கம் என்றும் சொல்லலாம். வீரம் என்றால் முப்பத்து மூன்று வருடம் ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை?

கொஞ்சம் இருங்கள், இந்தப் பள்ளம் போகட்டும். ஆ. பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொண்டேன்.

எங்கே விட்டேன்? பவர் சப்ளை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை முதலில் ஓட்டிப் பார்த்தேன். திரை வந்தது. பச்சை. அப்புறம்தான் டிஸ்க்கைச் சேர்த்தேன். இவ்வளவு வருடம் சுற்றாத தட்டு, ஒட்டிப்போயிருக்கும், சுற்றாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்றா சொன்னேன்? எதிர்பார்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பெரிய சிவப்பு சுவிட்ச். போட்டேன். முதலில் சத்தமில்லை. அப்புறம் உள்ளே எங்கோ ஆழ்கிணற்றில் மோட்டார் போட்ட மாதிரி ஒரு முனகல் எழுந்து, ஏறி, ஏறி, சீராக நின்றது. ஜன்னல் குளவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

தேதி கேட்டது.

எத்தனையோ மெஷின் பார்த்திருக்கிறேன். ஒரு மெஷின் என்னைக் கேள்வி கேட்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று தோன்றியது. கர்சர் விட்டு விட்டு மின்னுகிறது. இன்று என்ன தேதி? அடிப்பதற்கு விரல் வைத்தேன். சத்தியமாகத் தேதியைத்தான் அடிக்கப் போனேன். என்ட்டரைத் தட்டிவிட்டேன். இரண்டு தடவையும்.

பட்டியலைப் போட்டேன். நூற்றுக்கணக்கில் ஃபைல். எல்லாவற்றுக்கும் எதிரே ஒழுங்காகத் தேதி, ஒழுங்காக நேரம். நான் போட்டது. நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் 1980 ஜனவரி ஒன்று. ஒன்றும் தெரியாதவன் பார்த்தால்கூடக் கேட்பான், இது மட்டும் ஏன் இப்படி என்று. அதற்கு நேர் கீழே மாரப்பன். செப்டம்பர் பதினேழு, ஒன்று பன்னிரண்டு. நகல் எடுத்தாலும் பழைய தேதியும் நேரமும் மாறாது. வெடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், அந்த மாடியில் ஒருவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அந்த ஒரு வரி சொல்கிறது.

மாரப்பனுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல வந்தேன்.

படியில் செருப்புச் சத்தம். நிரஞ்சனா. "அங்கிள், வெளிச்சம் தெரியுதே, ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே ஏறி வருகிறாள். சுவிட்ச் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. அணைத்துவிட்டேன். முனகல் இறங்கி இறங்கி நின்றது.

"டிஸ்க் போயிருச்சும்மா" என்றேன். "திரை மட்டும் வருது."

"உள்ள ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் படிக்கலை. முப்பது வருசம்மா. வேற சின்னப் போர்டு ஒண்ணு வெச்சுப் பச்சை எழுத்து ஓட விட்டுத் தர்றேன். பார்க்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அவள் ரொம்ப சந்தோஷப்பட்டாள். "தாத்தா உங்களைப் பத்திச் சொல்லுவார் அங்கிள். ரொம்ப நம்பிக்கையான ஆள்னு" என்றாள். நல்ல பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாசல் கல்லைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். மூன்று பெயரும் போடத்தான் ஆசையாம். ஆனால் ஊரில் ஒத்துக்கொள்ளவில்லையாம். வருகிற வெள்ளிக்கிழமை பெயர் வெட்டப் போகிறார்களாம். "நாம என்ன பண்ண முடியும், ஆதாரமா இருக்குது?" என்றாள். நான் டிஸ்க்கின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "இதைக் குப்பையில போடக்கூடாதும்மா. நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

கேட்டில் ராயப்பன் பையைப் பார்த்தார். "உசிரு இருக்குதுங்களா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கடைக்குக் கொண்டுபோகவில்லை. கடையில் பழைய போர்டுகள் இருக்கின்றன, கேபிள் இருக்கிறது. உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு ஃபைலை வேறு எதிலாவது எடுத்துவிடலாம். அதை நினைக்காமல் இல்லை. ஆனால் அது சரியில்லை என்று பட்டது. இது கலாமணியினுடையது. அவள் கையில் முதலில் கொடுத்துவிட்டு, அம்மா இதில் உன் அப்பா எழுதியது இருக்கிறது என்று சொல்லி, அவள் சரி என்ற பிறகு எடுப்பதுதான் மரியாதை. அவளைக் கேட்காமல் நான் எடுத்தால் அது மறுபடியும் நானே என் இஷ்டத்துக்குச் செய்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இப்படியே கொண்டுபோகிறேன்.

பார்க் செய்தேனா என்கிறீர்களா?

நீங்கள் கவனமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

செய்யவில்லை. நேரமில்லையே. அந்தப் பெண் படியில் வந்துவிட்டாள். முனை எங்கே நின்றதோ அங்கேதான் இருக்கிறது. கடைசியாக அது படித்துக்கொண்டிருந்த இடத்தில். அதனால்தான் மடியில் வைத்திருக்கிறேன். தொடைச் சதை கொஞ்சம் அதிர்வைத் தாங்கும். ஆட்டோ வைத்துக்கொண்டு போகலாம்தான், காரும் பிடிக்கலாம். பஸ்ஸே போதும் என்று தோன்றியது. முன்சீட்டா? முன்சீட்டில் அதிர்வு கம்மி, எனக்குத் தெரியாதா. சொன்னேனே, ஏதோ நினைப்பில் இங்கே உட்கார்ந்துவிட்டேன். போன தடவையும் இப்படித்தான்.

ஆமாம், போன தடவை. திங்கட்கிழமை ஒருமுறை வந்தேன், செவ்வாய் ஒருமுறை. இன்று புதன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டமாக இருந்தது, அந்த நேரத்தில் போய் நிற்பது நன்றாக இல்லை. செவ்வாய்க்கிழமை நீலக் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளாகத்தான் இருக்க வேண்டும். நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். பகல் மூன்று மணி. எல்லோரும் உறங்குகிற நேரம். கண் நன்றாக விழித்திருந்தது. அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பொள்ளாச்சியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். திரும்பும்போது அந்த இடம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வரும், இறங்கிக் கடக்க வேண்டும், லாரிகள் வேகமாக வருகின்றன.

நேற்று வீட்டில் டிஸ்க்கைக் காதில் வைத்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ மணல் நகர்கிற மாதிரி. முதல்நாள் அந்தச் சத்தம் இல்லை. இருந்தும் நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

நீங்கள் கூட வருகிறேன் என்கிறீர்கள். பெரிய மனது. முன்பின் தெரியாத ஆளுக்கு யார் இப்படிச் சொல்வார்கள். வேண்டாம், உங்களுக்கு வேலை இருக்கும். இது நான் தனியாகச் செய்ய வேண்டியது. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். 'அம்மா, நான் உங்க அப்பாகூட வேலை பார்த்தவன்.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கேட்பாள். எங்கப்பா தூங்குனத நீங்க பாத்தீங்களா என்று கேட்பாள். நான் இல்லை என்பேன். அப்ப உங்களுக்கு எப்ப தெரியும் என்று கேட்பாள். அந்த இடம் வரைக்கும்தான் யோசித்திருக்கிறேன்.

கண்டக்டர் கூப்பிடுகிறார், கேட்கிறது. ஓலப்பாளையம் பிரிவு. ஒரே ஒரு அம்மாதான் இறங்குகிறார், பாவம், மூட்டையோடு. அவர் இறங்கட்டும். அதோ பள்ளிக்கூடம். நீலம் தெரிகிறதா? அந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். கேட் திறந்துதான் இருக்கிறது. இன்றைக்கு வாசலில் யாரும் இல்லை. உள்ளே இருப்பார்கள் போல. திடீரென்று போய்க் கதவைத் தட்டினால் பயந்துவிட மாட்டார்களா?

விசில் கொடுத்துவிட்டார். இனி நிறுத்தச் சொன்னால் டிரைவர் திட்டுவார். அவர்களுக்கும் நேரம் இருக்கிறது.

என்ன பார்க்கிறீர்கள்? டிக்கெட்டா? இந்தாருங்கள், பாருங்கள். பொள்ளாச்சிக்குத்தான் எடுத்திருக்கிறேன். மூன்று நாளும் பொள்ளாச்சிக்குத்தான்.

நாளைக்கு வியாழன். வெள்ளிக்கிழமைதானே கல் வெட்டுகிறார்கள், இன்னும் ஒரு நாள் இருக்கிறது. இங்கிருந்து பொள்ளாச்சி வரை ரோடு இன்னும் மோசமாக இருக்கும், ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா இறங்கினாரே, முன்னால் ஒரு சீட் காலியாகிவிட்டது பாருங்கள். நீங்கள் போய் வசதியாக உட்காருங்கள். இல்லை, நான் வரவில்லை. எனக்கு இந்த இடம் பழகிவிட்டது.